கொண்டையில் பூசிய மஞ்சள்

கார்த்திகை முதல் செவ்வாயன்று காலை ஆறு மணிக்கு மாரித்தாய் கூடையைத் திறந்தாள். கறுப்புக் குஞ்சு ஒன்று வெளியே வந்து, கழுத்தை நீட்டி, தொண்டை கட்டியவன் பாடுவதுபோல அரைகுறையாகக் கூவியது. அதைக் கேட்டு இன்னொன்றும் கூவிப் பார்த்தது.

சாம்பலால் பல் துலக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் சுயம்புலிங்கம் துப்பிவிட்டுச் சிரித்தான்.

“ஏட்டி, முட்டை யாவாரம்னு சொன்னே. இதுக முட்டை விடாது, ஊரைத்தான் எழுப்பி விடும்.”

“சிரிக்காதீங்க. வயிறு எரியுது எனக்கு.”

“எரிஞ்சா எரியட்டும். பொங்கலுக்குள்ள முட்டை வரலைன்னா நீ மறுபடி தார் சுத்தப் போணும். பேசுனது பேசுனதுதான்.”

அதுதான் அவர்களுக்குள் பேச்சு. பன்னிரண்டு வருடம் விசைத்தறிக் கூடத்தில் நூலைக் குழலில் ஏற்றித் தார் சுற்றி, பஞ்சுத் தூசி அவள் நெஞ்சில் அடைந்துபோயிருந்தது. படுத்தால் மூச்சு விசில் அடிக்கும். தூசிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேரடி டீக்கடைக்காரர் தினம் முட்டை எடுத்துக்கொள்வதாகச் சொன்ன தைரியத்தில்தான், ஐப்பசிச் சந்தையில் மூன்று மாதக் குஞ்சுகளாக ஆறு வாங்கினாள். ஆறும் பெட்டை என்று சொல்லித்தான் விற்றான் ராயகிரி செல்லப்பா. இப்போது பார்த்தால் ஐந்து சேவல்.

மாரித்தாய் விவரம் தெரியாதவள் அல்ல. சேவல் குஞ்சுக்குக் கொண்டை தடித்துச் சிவந்திருக்கும், பெட்டைக்குச் சிறுத்து வெளிறியிருக்கும். சேவலுக்குக் கால் முரடு. இடுப்பு இறகு சேவலுக்குக் கூர்ந்து மினுங்கும், பெட்டைக்கு நுனி உருண்டிருக்கும். இத்தனையும் தெரிந்தவள்தான். ஆனால் அன்றைக்குச் செல்லப்பாவின் குஞ்சுகள் அத்தனைக்கும் தலையில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பியிருந்தது. இடுப்பிலும் இறகு இல்லை.

“எங்க பக்கம் கோழிக்கு அம்மை போட்டிருக்கு தாயி. ஒண்ணையொண்ணு கொத்தி எறகெல்லாம் போச்சு. அதான் காப்புக்கு மஞ்சள் போட்டிருக்கேன். தானா உதிரட்டும், தொடைச்சிராத. அம்மன் பேரு வச்சவ, ஒனக்குச் சொல்லணுமா?” என்றான்.

ஒரு குஞ்சைக் காலைப் பிடித்துத் தலைகீழாகவும் தூக்கிக் காட்டினான். “தலையைத் தொங்கப் போட்டுட்டுக் கெடக்கா? பொட்ட. சாவல்னா தலையைத் தூக்கும்.”

துடைத்துப் பார்க்க எச்சில் தொட்ட விரலை மாரித்தாய் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மறு கையால் அந்த மஞ்சளைத் தொட்டுக் கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டாள். அதை நினைக்க நினைக்கத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரச் சந்தைக்கு ஐந்து சேவல்களையும் கூடையில் போட்டுத் தூக்கிப் போனாள். கறுப்பு வேட்டியும் மாலையுமாகப் பாதி ஊர் விரதத்தில் இருந்தது. கறிக்குச் சேவலைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. செல்லப்பா மட்டும் சுறுசுறுப்பாக இருந்தான். இன்றைக்கும் எல்லாத் தலையிலும் மஞ்சள். மகபூப் பீவி என்ற அம்மாள் இரண்டு குஞ்சுகளைக் கையில் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, பொட்டன்னு குடுத்தீங்களே, இதுல எது முட்டை விடும்னு காட்டுங்க” என்று மாரித்தாய் தன் கூடையைச் செல்லப்பா முன்னால் வைத்தாள்.

“நீதான பொறுக்கி எடுத்த? சாவல்னா என்ன, பங்குனியில கோயில் கொடைக்கு நல்ல வெலை போகுமே.”

“பங்குனி வரைக்கும் இதுகளுக்குத் தீனி ஒங்க அப்பனா போடுவான்? பொங்கல் முடிஞ்சா நான் தறிக்குப் போயி மூச்சு முட்டிச் சாகணும். கார்த்திகையில சாவல் போகாதுன்னு தெரிஞ்சுதான வே ஐப்பசியிலயே என் தலையில கட்டுன?”

அண்ணாச்சி ‘வே’ ஆனதும் பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்லப்பா குரலை உயர்த்தினான்.

“கோழியப் பாத்து வாங்கத் தெரியல, வந்துட்டா சண்டைக்கு!”

“பாக்கவா விட்ட நீ? இப்ப பாக்கேன்.”

முந்தானை நுனியைத் தண்ணீர்ச் சட்டியில் நனைத்தாள்.

“அம்மை மஞ்சள்ளா! கை வச்சேன்னா ஒன் குடும்பத்துக்கு ஆகாது, சொல்லிட்டேன்!”

மாரித்தாயின் கை நின்றது. நெஞ்சு விசில் அடித்தது. மகபூப் பீவி அவள் முகத்தைப் பார்த்து, “எங்கிட்ட குடு, நான் தொடைக்கேன்” என்றாள்.

“வேண்டாம்க்கா. ஏமாந்தது நானு. நானே தொடைக்கேன்.”

பீவியின் கையிலிருந்த குஞ்சின் தலையை மாரித்தாய் அழுத்தித் துடைத்தாள். மிளகாய்ப் பழம்போலக் கொண்டை சிவந்து வந்தது. அடுத்ததும் சிவப்பு. பீவி இரண்டையும் செல்லப்பாவின் மடியில் எறிந்தாள்.

“பொட்டையாம்ல பொட்ட! ஒனக்கும் மஞ்சள் பூசி நிறுத்துனா நீயும் பொட்டதான்.”

சிரிப்பு அடங்குமுன் மாரித்தாய் செல்லப்பாவின் இரண்டு கூடைகளையும் திறந்து, ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போனாள். பதினேழு குஞ்சில் பெட்டை மூன்றுதான். கொண்டை, கால் இரண்டையும் நிதானமாகப் பார்த்து அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டாள். தன் ஐந்து சேவல்களை அவன் விரித்திருந்த சாக்கின் மேலேயே திறந்துவிட்டாள். தடுக்க எழுந்தவன், சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

“அம்மன் கேப்பாடீ ஒன்னைய!” என்று மட்டும் கத்தினான்.

வீட்டில் ஒன்று, கையில் மூன்று. நாலு கோழி இருந்தால் பொங்கலுக்கு முட்டையைக் கண்ணில் காட்டிவிடலாம். தறிக்குப் போக வேண்டாம். ஆனாலும் கோபம் இறங்கவில்லை. தெருமுனையில் மாரியம்மன் கோவில் நடை திறந்திருந்தது. எப்போதும் செருப்பைக் கழற்றிக் கும்பிடுகிறவள், இன்றைக்குக் கூடையை இடுப்பில் இடுக்கியபடியே நின்றாள். முந்தானையெல்லாம் மஞ்சள்.

“கேக்கணும்னா அவனைக் கேளு” என்றாள், உள்ளே பார்த்து. “ஒன் பேரைச் சொல்லித்தான் வித்தான். நீயும் பாத்துக்கிட்டுத்தான இருந்த?”

கும்பிடாமலே வீட்டுக்கு நடந்தாள்.