சுவரில் வரைந்த கதவு

காபி அரைக்கும் பித்தளைக் குழலின் கைப்பிடியை மிமோஸா விடாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். கொட்டை எப்போதோ மாவாகிவிட்டது. ரேடியோவில் அறுவடைக் கூட்டுப்பாட்டு அலறியது. குமிழை இதற்கு மேல் திருக முடியாது. அவளுக்குச் சத்தம் வேண்டும். முடிந்த மட்டும் சத்தம்.

“என்னம்மா, திரானா நகரம் முழுசுக்கும் காபி கொடுக்கப் போறியா?” மேஜையில் உட்கார்ந்திருந்த நெவ்ருஸ் கத்தினார். “போய் உன் புருஷனை எழுப்பு. அஞ்சு மணிக்குக் கூட்டம்.”

“இப்பத்தான் கண் அசந்தார், தோழர். பாதியில எழுப்பினா தலைவலி வந்துடும்.”

மணி நாலுகூட ஆகவில்லை. ஊரே சாப்பிட்டுவிட்டு ஜன்னல் பலகைகளைச் சாத்திக்கொண்டு தூங்கும் வேளை. அந்த நேரத்தில் யாரும் யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள். பாட்டுகளைச் சோதிக்கும் குழுவின் தலைவர் நெவ்ருஸ் மட்டும் போவார்.

நெவ்ருஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். அது எந்தப் பாட்டு என்று மிமோஸா தெரிந்துகொண்டாள். குளிர்காலத்தில் ரேடியோவில் ஒரே ஒரு முறை ஒலித்த பாட்டு. மறுநாளே ரொட்டிக்கடை வரிசையில் ஆளுக்கு ஆள் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாள் தடை. போன செவ்வாய்க்கிழமை, மெட்டுப் போட்ட ஆக்ரோனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

“‘சுவரில் ஒரு கதவு வரைந்தேன்.’ எந்தக் கதவு? எங்க ஓடிப்போக?” நெவ்ருஸ் விரலால் தட்டினார். “நம்ம குழுவுக்காக உன் புருஷன் பெத்ரித் பதினோரு பக்கம் அறிக்கை எழுதியிருக்கான். ‘இதை எழுதியவன் முழித்துக்கொண்டே கனவு காணும் எதிரி. சுரங்கத்துக்கு அனுப்ப வேண்டும்.’ மனுஷன்னா அவன் மனுஷன்! நேத்து ஆக்ரோன் வாயைத் திறந்துட்டான். வார்த்தை ஒரு பொம்பளை கொடுத்ததாம். பேரை மட்டும் சொல்ல மாட்டேங்கிறான்.”

கைப்பிடி அவள் கையில் வழுக்கியது.

“நீ எழுப்பமாட்டே. நானே எழுப்பறேன்.” நெவ்ருஸ் எழுந்து படுக்கையறையை நோக்கி நடந்தார். அவர் கை கதவுப் பிடியைத் தொட்டது.

“நான்தான், தோழர்!”

அவர் திரும்பினார்.

“அந்தப் பாட்டு... நான்தான் எழுதிக் கொடுத்தேன்.”

நெவ்ருஸ் மெல்ல வந்து பழையபடி உட்கார்ந்தார். காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். “நீயா? கடைக்குப் போற சீட்டைத் தவிர நீ என்னம்மா எழுதியிருக்கே?” அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “பெத்ரித்துக்குத் தெரியுமா?”

“தெரியாது. சத்தியமா அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

அவள் சொன்னதில் கலப்படமே இல்லாத உண்மை அது ஒன்றுதான்.

அப்போது மின்சாரம் போயிற்று. கூட்டுப்பாட்டு தொண்டையில் துணி அடைத்ததுபோல் அறுந்தது. மிமோஸா பாய்ந்து காபிக் குழலின் கைப்பிடியைப் பற்றினாள். நெவ்ருஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இரு. உள்ள யாரோ பேசறாங்க.”

கதவுக்கு அப்பால் ஒரு குரல். தூக்கத்தில் தடித்த, அவசரமில்லாத குரல்.

“சுவரில் ஒரு கதவு வரைந்தேன்... கடல் வந்து தட்டியது...”

நான்கு வருஷமாக மதியத் தூக்கத்தில் பெத்ரித் சொன்னதையெல்லாம் அவள் எழுதித்தான் வைத்தாள். எழுந்து முகம் கழுவி, பாட்டுகளை அடித்துத் தள்ளும் சிவப்புப் பென்சிலை எடுக்கும்போது அவனுக்கு ஒரு சொல்லும் நினைவிருக்காது. வீணாய்ப் போகிறதே என்று ஒன்றே ஒன்றை ஆக்ரோனிடம் கொடுத்தாள்.

நெவ்ருஸ் அவள் கையை விட்டார். காகிதத்தில் விரலை வைத்து, குரலோடு வரிவரியாக இறங்கினார்.

“ஊர் முழுக்க உறங்குதென்றேன்... ஈரக் காலோடு உள்ளே வந்தது...”

காகிதத்தில் எழுத்து அதோடு முடிந்தது. உள்ளே குரல் முடியவில்லை.

“படுக்கையருகே அமர்ந்து... என் பெயரைக் கேட்டது...”

நெவ்ருஸின் விரல் வெற்றுத் தாளில் கீழே, இன்னும் கீழே நகர்ந்துகொண்டிருந்தது.