கழற்றி வைத்த கடிகாரம்

அந்த வெப் தொடரின் ஆறாம் பகுதியில் கணவன் தன் மனைவியின் கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்குகிறான். அந்தக் காட்சியை விமர்சகியான அவள் இரண்டு முறை பார்த்தாள். முதலில் சத்தத்தோடு, பிறகு சத்தத்தை அறவே நிறுத்திவிட்டு. பத்திரிகைக்குத் தொடர் விமர்சனம் எழுத வந்த நாள் முதல் அதுதான் பழக்கம். வசனமும் இசையும் ஆளை மயக்கும். நடிகனின் வாயை மூடிவிட்டால் அவன் தோள்பட்டை உண்மையைச் சொல்லிவிடும்.

தோள்பட்டையில் குறையில்லை. ஆனால் கதவை அறைவதற்கு முன் அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுகிறான். 'வெறி பிடித்தவன் கடிகாரத்தைப் பத்திரப்படுத்துவானா? மலிவான உத்தி' என்று மடிக்கணினியில் தட்டினாள்.

"என்னடி எழுதுற?" சோபாவிலிருந்து அக்கா கேட்டாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. விலாவில் கட்டு. இன்னொரு அடி பட்டால் எலும்பு நுரையீரலைக் கிழித்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வில்லன் வாட்ச்சைக் கழட்டுறான்கா. நம்பற மாதிரியே இல்ல."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கணவன் தன்னை எப்படி அடிப்பான் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அழைப்பு மணி அடித்தது. மாமா. அக்காவின் கணவன். கையில் பழப்பை.

"என்ன மச்சினி, இந்த வாரம் யார் பொழப்புல மண்ணைப் போட்ட?" சிரித்தான். சட்டென்று குரல் உடைந்தது. "தப்பு என் மேலதான்மா. கால்ல வேணா விழறேன். ரெண்டே வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்."

அந்தக் குரலுக்கு அவள் இளகினாள். கதவுச் சங்கிலியை எடுத்து உள்ளே விட்டாள்.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்றான் அக்காவிடம்.

"வரல."

"சரி, உன் இஷ்டம். மச்சினி, ஒரு டீ போடேன். நாங்க பேசிக்கறோம்."

அடுப்பைப் பற்றவைத்தாள். புகைபோக்கி விசிறி இரைந்தது. கூடத்துப் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். மாமா புன்னகையோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லியபடியே கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். வலது தோள் பின்வாங்கியது. அக்கா இரண்டு கைகளாலும் விலாவைப் பொத்திக்கொண்டாள்.

தங்கை இரும்பு வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அவன் குத்து அக்காவின் புறங்கையில் விழுந்தது. அடுத்ததற்கு ஓங்கிய முழங்கையில் வாணலி இறங்கியது. எலும்பு முறிந்தது. அவன் இடக்கையால் தங்கையின் முடியைப் பிடித்து, தலையை நிலைப்படியில் மோதினான். மறுபடி மோதினான். கண்ணில் ரத்தம் வழிந்தது. கண்மண் தெரியாமல் வாணலியை அவன் முட்டியில் வீசினாள். அலறிக்கொண்டு சரிந்தான். இருவரும் மாறி மாறி உதைத்தார்கள். தவழ்ந்து வாசலைத் தாண்டியவன், எழுந்துகொள்ள கதவு நிலையைப் பிடித்தான்.

அக்கா கதவை அறைந்து சாத்தினாள். விரல்கள் உள்ளே இருந்தன.

வெளியே அவன் ஊளையிட்டான். அக்கா கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். விரல்களைப் பார்த்தாள். பிறகு கதவைக் கொஞ்சம் தளர்த்தினாள். அவை வெளியே போனதும் தாழிட்டாள்.

அவன் சட்டைப்பையிலிருந்து விழுந்த கடிகாரம் தரையில் கிடந்தது. ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு கீறல்கூட இல்ல பாரு" என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "போலீஸுக்குப் போன் போடு. அப்புறம் அந்த வாட்ச் வரிய அழிச்சுடு."