வெதருக்குக் கீழே

என் வீட்டுக்காரர் ததேயுஸ், கடியப்பட்டணத்தில் கட்டுமரத்தை விட்டுவிட்டுக் கப்பல் வேலைக்குப் போனவர். 1952 ஐப்பசியில் கப்பல் தூத்துக்குடிக்கு வந்தும் அவர் வீட்டுக்கு வரவில்லை. அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கும் எங்கள் ஊர் மரியஜான் கப்பலில் விசாரித்துவிட்டு வந்தார்.

"'அண்டர் த வெதர்'னு தொர சொன்னாரு. வெதர்னா காத்து மழயாம். அதுக்குக் கீழ கெடக்கானாம்."

"அடக் கிறுக்கா, ஐப்பசியில நாம மட்டும் மழைக்கு மேலயா கெடக்கோம்?" என்று மாமியார் சிரித்தார்.

"நானும் போய்ப் பாத்துட்டு வாறேன் மாமி" என்றேன்.

"மழைக்கு நீ எதுக்குட்டி? கொட போதும்."

புதுக்குடை ஒன்றை மரியஜானிடம் கொடுத்தனுப்பினோம். அடுத்த வாரம் குடை மட்டும் திரும்பி வந்தது. அவர் காய்ச்சலில் போய்விட்டாராம்.

அவருக்கான பூசை முடிந்தபின் பங்குச்சாமியார் விளக்கினார். அந்தக் காலத்துக் கப்பல்களில் சுகமில்லாதவனைக் காற்றும் மழையும் படாமல் கீழ்த்தட்டில் படுக்க வைப்பார்களாம். அதனால் உடம்புக்கு முடியவில்லை என்பதை இங்கிலீஷ்காரர்கள் அப்படிச் சொல்கிறார்களாம்.

எங்கள் கட்டுமரத்தில் கீழே என்று ஓர் இடம் கிடையாது. காய்ச்சலோடு போனாலும் நனைந்துகொண்டு மேலேதான் இருக்க வேண்டும்.

மழை நாட்களில் மீன் விற்க அந்தக் குடையைத்தான் பிடித்துக்கொண்டு போகிறேன்.