ஒன்றும் செய்யாத வரி

1

“நீ பார்க்கும்போது மட்டும் ஒழுங்கா இருக்கிற ஒண்ணை எப்படிடீ கையும் களவுமா பிடிப்பே?” என்று அக்கா என்னிடம் கேட்டாள். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட என்னிடம் போய் அவள் ஏன் – [வேண்டாம். கதை அவளுடையது.]

2

நோயாளியின் உடம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்ப்புக்கு நிரல் எழுதுகிறவள் அக்கா. அந்தப் பம்ப் எப்போதாவது, காரணமே இல்லாமல், நின்றுவிடுகிறது. எங்கே நிற்கிறது என்று அறிய, ‘இதுவரை வந்தேன்’ என்று குறித்துவைக்கும் வரி ஒன்றை நிரலில் சேர்த்தாள். கோளாறு மாயமானது. வரியை எடுத்தாள். திரும்ப வந்தது.

“டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் போயிடற மாதிரிடீ.”

[பிராசஸர் அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டும் சின்ன அலமாரியில் வைத்துக்கொள்ளுமாம். அதுதான் கேஷ். புது வரி நுழைந்தால் வேறெதையோ கீழே தள்ளிவிடும். வேகம் இம்மியளவு மாறும். அந்த இம்மியில் கோளாறு ஒளிந்துகொள்ளும். அலமாரியைத் தொடாமல் வெளியிலிருந்து வேவு பார்க்கும் கருவி உண்டு. தருவிக்க நாளாகும்.]

3

அக்கா நெஞ்சை நிமிர்த்தி, தன் குழுத் தலைவரின் கண்ணைப் பார்த்து – எழுதியதை அடித்துவிட்டேன். நான் எட்டிப் பார்த்தாலே இவள் வீராங்கனையாகிவிடுகிறாள். நகத்தைக் கடித்துக்கொண்டுதான் நின்றிருப்பாள்.

4

“அந்த லைன் இருந்தா ஓடுதில்ல? இருந்துட்டுப் போகட்டும்மா. பம்ப்பையெல்லாம் பெட்டி கட்டி அனுப்பச் சொல்லு,” என்றார், அவள் மேசைக்கே வந்து உட்கார்ந்த தலைவர்.

“அது ஒண்ணுமே செய்யாத லைன் சார்.”

“அப்போ அது யாரை என்ன பண்ணப்போகுது?”

“கோளாறு போகலை சார், ஒளிஞ்சிருக்கு. அந்தக் கருவி வரட்டும், பிடிச்சிடறேன்.”

“நீ பிடிக்கறதுக்குள்ள என் வேலை போயிடும்.”

[முடிவு ஒன்று: அவர் மனம் மாறுகிறார். எனக்கே நம்பிக்கையில்லை. முடிவு இரண்டு: அக்கா தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து என்மேல் எரிந்து விழுகிறாள். இதுதான் அவள் சுபாவம், ஆனால் –]

அக்கா மேசைமேல் ஓடிக்கொண்டிருந்த பம்ப்பை அவர் பக்கம் நகர்த்தினாள். அந்த வரி உள்ளேதான் இருந்தது. ஒரு பிசகும் இல்லாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

“நல்லாத்தானே ஓடுது? கையை நீட்டுங்க சார்.”

சிரித்துக்கொண்டே சட்டைக்கையை மடித்தவர், பம்ப்புக் குழாயின் நுனியிலிருந்த ஊசியைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

கதவுக்கு வெளியே வலப்பக்கம் பெட்டி கட்டுகிற இடம். இடப்பக்கம், அவகாசம் கேட்டால் கத்தக்கூடிய மேலதிகாரியின் அறை. இனி நான் எட்டிப் பார்க்கப்போவதில்லை. பார்த்தால் இவரும் நல்லவராகிவிடுவார். எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டைக்கையை இறக்கிவிட்டு அவர் வெளியே போனார்.