ஒன்றாம் நம்பர் பெட்டி

முதலில் காலியானவை செல்லியம்மாவின் பெட்டிகள். தை மாதக் கடைசி. மாமரங்கள் பூவெடுத்து, ஊரே லேசான புளிப்பு வாசனையில் மிதந்துகொண்டிருந்த நாட்கள். அவளுடைய மூன்று தேன்பெட்டிகளிலும் ஒரு தேனீகூட இல்லை. தேனடையின் அறைகளில் புழுக்கள் தலையைத் தூக்கியபடி செத்திருந்தன. ஊசி முனையால் ஒன்றை எடுத்தால், தண்ணீர் நிரம்பிய சின்னப் பை போலத் தொங்கியது.

அடுத்த ஒரு மாதத்தில் மற்ற வீடுகளிலும் அதேதான் நடந்தது. திருப்பதிப் பக்கம், வடமாலபேட்டையிலிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த ஊரில் பதினோரு வீடுகளில் தேன்பெட்டி இருந்தது. தேனுக்காக வைத்தவர்கள் குறைவு. பீர்க்குக்கும் பூசணிக்கும் வைத்தவர்களே அதிகம். தேனீ வராத தோட்டத்தில் பூசணிப் பிஞ்சு விரல் அளவுக்கு வளர்ந்து, மஞ்சளாகி, விழுந்தது. காலையில் தோட்டத்துக்குப் போனால் சத்தமே இல்லை. பூக்கள் மட்டும் திறந்து கிடந்தன.

பதினொன்றில் மூன்று வீட்டுப் பெட்டிகள் தப்பின. ரைத்து சங்கம் என்கிற விவசாயிகள் சங்கத்தின் தலைவர் முனிகிருஷ்ணனுடையது ஒன்று, மேலத்தெரு லட்சுமம்மாவுடையது ஒன்று, பிரேமலதாவுடையது ஒன்று. மூன்றும் நிலமுள்ள குடும்பங்கள். செல்லியம்மா காலனிக்காரி. அவள் அப்பா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலிவேலை. பட்டா கிடைத்த முக்கால் ஏக்கரில் பீர்க்கு போட்டு, பெட்டியும் வைத்தது அவள்தான். தேன் எடுக்கும் நாட்களில் மற்ற வீடுகளுக்கும் ஒத்தாசைக்குப் போவாள். அவளுக்குக் கை சுத்தம் போதாது என்று யாரோ சொன்னார்கள். பிறகு எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று விளக்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

முனிகிருஷ்ணன் மரியாதையாகத்தான் சொன்னார். விஷயம் தெரியும்வரை அடுத்தவர் பெட்டிப் பக்கம் போகவேண்டாம் என்றார். சங்கக் கூட்டத்தில், எல்லோர் எதிரிலும்.

செல்லியம்மா எழுந்து நின்றாள்.

"டெஸ்ட்டு பண்ணிப் பாருங்க நைனா. திருப்பதில பண்றாங்களாமே. என் கையாலதான் வந்துதுன்னா பேப்பர்ல வரட்டும், ஒத்துக்கறன்."

பூச்சிக்கே ரத்தப் பரிசோதனை என்றால் அப்புறம் அதுக்கு ஸ்கேன் எடுக்கணும், குளுக்கோஸ் ஏத்தணும் என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. ஆனால் பூசணி போட்டவர்கள் சிரிக்கவில்லை. அரசாங்கத்தில் கேட்டால் எப்போது வருவார்களோ, நாமே செலவு செய்து பார்ப்போம் என்று முடிவானது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள். முதலில் வைத்தது செல்லியம்மா.

பொறுப்பைப் பிரேமலதா எடுத்துக்கொண்டாள். அவள் இன்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். கணவன் ஜெயபிரகாஷ் குவைத்தில் லாரி ஓட்டுகிறான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவான், போர்வைகளோடும் வாசனைச் சோப்புகளோடும். ஊரில் தேனீயைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அடைச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தே ராணி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவளுடைய பெட்டி அவ்வளவு பலமானது. மார்கழிக் குளிரில் மற்ற வீட்டுக் கூட்டங்கள் சோர்ந்து எண்ணிக்கை குறையும்போது, அவள் தன் பெட்டியிலிருந்து புழு நிறைந்த அடை ஒன்றை எடுத்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். உறைமோர் கொடுப்பதைப் போல. பொரித்து வரும் இளம் தேனீக்கள் அந்த வீட்டுக் கூட்டத்தைத் தேற்றிவிடும். அதற்கு அவள் எதுவும் வாங்கிக்கொண்டதில்லை.

அந்தத் தேனீக் கூட்டம் அவளுக்கு வந்த விதமே விசித்திரமானது. ஜெயபிரகாஷ் கடைசியாகப் புறப்பட்டுப் போன அன்று மத்தியானம், எங்கிருந்தோ வந்து முருங்கைக் கிளையில் தொங்கியது. ஊர் பேர் தெரியாத கூட்டம். வெறும் வீட்டுக்குள் போக மனமில்லாமல் வாசலில் நின்றிருந்தவள், ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டி கொண்டுவந்து அதற்கு இடம் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவன் போன் செய்யும்போது முதலில் பெட்டியைத்தான் விசாரிப்பான்.

பரிசோதனை பற்றி அவள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். செத்தது, உயிரோடிருப்பது, எல்லாப் பெட்டியிலிருந்தும் கொஞ்சம் வேண்டும். தேனீயையும் புழுவையும் அரைத்து அதிலுள்ள மரபணுவைப் பிரித்துப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமி உள்ளே இருந்தால் அதன் மரபணுவும் கூடவே தெரிந்துவிடும். பாட்டிலில் பெயர் எழுதவேண்டாம், நம்பர் போதும், யாருக்கும் அவமானமாகக் கூடாது என்று முனிகிருஷ்ணன் சொல்லியிருந்தார். எந்த நம்பர் யாருடையது என்பது பிரேமலதாவிடம் மட்டும் இருந்தது. தன்னுடையதற்கு ஒன்று என்று போட்டாள். செல்லியம்மாவின் காய்ந்த அடையிலிருந்து சுரண்டியதற்கு ஐந்து.

புத்தூர் மீன்காரரிடம் வாங்கிய தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு திருப்பதிக்குப் பஸ்ஸில் போனாள். பக்கத்தில் இருந்த அம்மாள் வஞ்சிரம் இன்னா வெல என்று கேட்டாள்.

முடிவு வர ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். மூன்றாவது வாரத்தில் செல்லியம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு, குழந்தைகளோடு திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டாள். பீர்க்கு காய்க்கவில்லை. ஊரில் கூலிக்கும் யாரும் கூப்பிடவில்லை. போகும்போது பிரேமலதாவிடம் மகளின் போன் நம்பரைக் கொடுத்தாள். பேப்பர் வந்தால் சொல் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

முடிவு வந்ததும் பிரேமலதா மறுபடி திருப்பதிக்குப் போனாள். ஆய்வுக்கூடத்தில் இருந்த பெண்ணின் பெயர் அலர்மேல்மங்கை. சின்ன வயது. காகிதத்தை மேஜையில் விரித்து, பேனாவால் ஒவ்வொரு நம்பராகத் தொட்டுக் காட்டினாள். நான்கிலும் ஏழிலும் கிருமி இல்லை. மற்ற ஒன்பதிலும் இருக்கிறது, எல்லாம் ஒரே வகை, ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. பேனா ஒன்றாம் நம்பருக்கு வந்து நின்றது.

"இந்தப் பெட்டியும் செத்துப்போச்சா?"

"இல்லம்மா. ஊர்லயே அதான் பலமான பெட்டி."

அப்படித்தான் இருக்கும் என்றாள் அந்தப் பெண். பலமான கூட்டம் செத்த புழுவை உடனுக்குடன் இழுத்துப் போட்டுச் சுத்தம் செய்துவிடும், அதனால் வெளியே தெரியாது, ஆனால் கிருமி உள்ளேயே இருக்கும். அந்தப் பெட்டி இருக்கும்வரை சுற்றுவட்டாரத்துக்கு ஆபத்து, எரித்துவிடுவது நல்லது. பிறகு, சாதாரணமாகக் கேட்பதைப் போல, அதிலிருந்து யாருக்காவது அடை கொடுத்தீர்களா என்று கேட்டாள். பிரேமலதா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

யோசிக்க ஒன்றும் இல்லை. மார்கழியில் ஒரே வாரத்தில் எட்டு வீட்டுக்குக் கொடுத்திருந்தாள். கொடுக்காதது இரண்டு வீட்டுக்குத்தான். முனிகிருஷ்ணன் பலமனேரிலிருந்து கூட்டம் வாங்கி வந்தவர், யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். லட்சுமம்மாவோடு வரப்புச் சண்டை, இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அவர்கள்தான் நான்கும் ஏழும். தான் நேசித்த வீடுகளுக்கெல்லாம் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், ஈரத்துணியில் சுற்றி.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மலை கூடவே வந்தது. காகிதத்தில் இருப்பது வெறும் நம்பர்கள். ஒன்றாம் நம்பர் யாருடையது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மூன்று வீடு தப்பியது, எட்டு வீட்டில் நோய் என்று சொன்னால் மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். முதலில் செத்தது யாருடையது என்பதுதான் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியுமே. பெட்டி மிஞ்சும். வெள்ளிக்கிழமை அவன் கேட்டால், இருக்கிறது என்று சொல்லலாம். வடமாலபேட்டையில் இறங்கியபோதுகூட அவள் முடிவு செய்திருக்கவில்லை.

சாயங்காலம் முனிகிருஷ்ணனின் மாந்தோப்பில், பம்ப்ஷெட் பக்கத்தில் எல்லோரும் கூடினார்கள். அவர் கேட்டார்.

"அஞ்சாம் நம்பர்தானேம்மா?"

அவருக்கு எப்படி நம்பர் தெரிந்தது என்று பிரேமலதாவுக்கு ஆச்சரியமாக இருந்தது; பாட்டிலைப் பார்த்த யாரோ சொல்லியிருக்கவேண்டும். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். பதிலைக் கேட்பதற்காக இல்லை, தலையாட்டுவதற்காக.

"ஒண்ணாம் நம்பர்," என்றாள். "அது என்னுது. நான் குடுத்த அடைலதான் எல்லார் வூட்டுக்கும் போயிக்கிது. செல்லியம்மாவுக்கும்."

அடி விழும் என்று காத்திருப்பவளைப் போல நின்றாள். திட்டுவார்கள், நஷ்டஈடு கேட்பார்கள், பேசாமல் எழுந்து போவார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பூசணி முழுவதையும் இழந்த ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு, விதி என்றார். முனிகிருஷ்ணன் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"நல்ல மனசோட குடுத்த. அதுக்கு நீ இன்னா பண்ணுவ? வுடும்மா."

லட்சுமம்மா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு வருடத்துக்குப் பிறகு. பிரேமலதா அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே, இது எவ்வளவு சீக்கிரம் நடந்துவிட்டது என்று தோன்றியது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

செல்லியம்மாவுக்கு யார் சொல்வது என்று கேட்டாள். நீதான் அவளோடு பேசுவாய், நீயே சொல்லிவிடு என்றார் முனிகிருஷ்ணன்.

மறுநாள் பொழுது சாய்ந்து, வெளியே போன தேனீக்களெல்லாம் திரும்பிய பிறகு, பெட்டியின் வாசலைக் களிமண்ணால் அடைத்தாள். ஆண்கள் குழி வெட்டிக் கொடுத்தார்கள். ஒருவர் மண்ணெண்ணெய் கொண்டுவந்தார். தீ பிடித்ததும் உள்ளிருந்து ஒரு சத்தம் எழுந்தது. மழை தூரத்திலிருந்து வருவதைப் போல. பிறகு அது மெல்ல மெல்லக் குறைந்தது. மெழுகு உருகி ஓடிய வாசனை தேன் எடுக்கும் நாளின் வாசனையாகவே இருந்தது.

அடுத்த நாள் காலையில் செல்லியம்மாவுக்குப் போன் செய்தாள். தனியாகப் பேசும்போது செல்லியம்மா அவளை எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அன்று, "சொல்லும்மா" என்றாள். பின்னால் செங்கல் அடுக்கும் சத்தம் கேட்டது.

பிரேமலதா எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டத்தில் சொன்னதை, பெட்டியை எரித்ததை, உன்மேல் தப்பில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதை. ஊருக்கு வா என்றாள். பிள்ளைகளை இங்கேயே ஸ்கூலில் சேர்த்தாயிற்று என்று செல்லியம்மா பதில் சொன்னாள். கோபமில்லாத குரல்.

பிறகு அவளே பேசினாள்.

"எனுக்கு அப்பவே தெரியும்மா. நீ குடுத்த அடைய வெச்ச மூணாம் நாளு தொறந்து பாத்தன். நாலு புழு தலயத் தூக்கிக்கினு இருந்துச்சு. மீதி அடையில ஒண்ணும் இல்ல."

"அப்பவே ஏண்டி சொல்லல?"

"அதுக்குள்ள எல்லார் வூட்டுக்கும் குடுத்துட்டியே. அப்பால நான் சொன்னா, குடுத்தவ மேலயே பழி போடறா பாருன்னுவாங்க. என் வாய் சொன்னா நிக்காது. பேப்பர் சொன்னா நிக்கும்னுதான் டெஸ்ட்டு பண்ணச் சொன்னன்."

"எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

பிரேமலதாவுக்கு மாசி மாதத்து ஒரு காலை நினைவுக்கு வந்தது. காலிப் பெட்டியின் காய்ந்த அடையை அறுக்கச் செல்லியம்மா கத்தியை இரவல் வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்திருந்தாள். அவள் தெரு திரும்பும்வரை காத்திருந்து, பிரேமலதா அந்தக் கத்தியை மஞ்சள் தண்ணீர் விட்டு இரண்டு தடவை கழுவினாள்.

நம்பியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தாள். செங்கல் ஒன்றின்மேல் ஒன்றாக விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. செல்லியம்மா போனை வைக்காமல் காத்திருந்தாள்.