மூன்றாம் மாடியில் வசிப்பவர் யார்?

எட்டு மாடி, எட்டுப் பேர். ஒருவருக்கும் முகம் கிடையாது, வெறும் எழுத்துதான். பி என்பவர் இரட்டைப்படை மாடியில் இருக்கிறார். பிக்கும் எஃபுக்கும் நடுவில் மூன்று பேர் இருக்கிறார்கள். எஃபுக்கு நேர் மேலே இருப்பவருக்கு நீல நிறம் பிடிக்காது. இப்படி ஏழெட்டுக் குறிப்புகளைக் கொடுத்துவிட்டு, எட்டுப் பேரையும் அவரவர் மாடியில் குடியேற்று என்பார்கள். வங்கித் தேர்வு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் குப்புற விழுவது இந்த இடத்தில்தான். வங்கியில் வேலை பார்க்கப் போகிறவனுக்கு எஃபுக்கு மேலே எவன் குடியிருந்தால் என்ன என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டவர்களெல்லாம் இப்போது வேறு வேலையில் இருக்கிறார்கள்.

மேற்குத் தாம்பரத்தில், காசு கட்டி உட்கார்ந்து படிக்கிற ஒரு படிப்பகத்தில், இந்த மாடிப் புதிருக்கென்றே பேர் வாங்கியவள் ஓவியா. 'புளோர் ஓவியா' என்றால்தான் தெரியும். டீ நேரத்தில் அவள் மேசையைச் சுற்றி ஐந்தாறு பேராவது நிற்பார்கள். அவள் பேனாவை எடுத்துக் கீழிருந்து மேலாகக் கட்டம் போடுவாள். இரண்டு நிமிஷத்தில் எட்டுப் பேரும் வாயைத் திறக்காமல் தங்கள் தங்கள் மாடியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

"ரெண்டே ரூல்தான்" என்பாள் ஓவியா. "ஒண்ணு, குடுத்ததை விடாத, குடுக்காததை நீயா எடுத்துக்காத. ரெண்டு, எவனைப் பத்தி எந்தக் குறிப்பும் இல்லையோ, அவனைக் கடைசியில மிச்சமிருக்கற மாடியில போட்டுடு."

இதைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறவள் பிளஸ்ஸி. சேலையூர் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த பெண், ஓவியாவை விட ஆறேழு வயது சின்னவள். அம்மா பள்ளிக்கூட டீச்சர், அதனால் இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. மாடிப் புதிரைக் கண்டால்தான் அழுகை வரும். ஓவியாவுக்கோ நேர் எதிர். புதிரில் முழு மதிப்பெண் வாங்குவாள், இங்கிலீஷ் வந்து காலை வாரிவிடும். ஒவ்வொரு வருஷமும் முதல் தேர்வில் தேறி, இரண்டாம் தேர்வில் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் தவறவிட்டு, இப்போது வயது வரம்பு கழுத்தில் வந்து நிற்கிறது.

வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளை தயாராக இருக்கிறது. மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டும் சொந்தக்காரர் மகன். நல்லவன்தான், அதைப் பற்றி ஒன்றுமில்லை. ஆனால் ஓவியாவுக்கு வேண்டியது மாப்பிள்ளை இல்லை. உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு. பிறந்ததிலிருந்து அவள் ஹாலில்தான் படுத்திருக்கிறாள். டிவி எப்போது அணைகிறதோ அப்போது தூக்கம், அம்மா எப்போது கூட்ட வருகிறாளோ அப்போது விழிப்பு. தனக்கென்று ஓர் அறை இருந்தால் கல்யாணத்துக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு உட்கார ஓர் இடம் இருக்கும் என்று நம்பினாள்.

அந்த இடம் வரத்தான் போகிறது என்றும் நினைத்தாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர்களுக்குத் தாத்தா வழியில் வந்த நிலமெல்லாம் மனை மனையாகப் போய், கடைசியில் வீடு இருந்த இடம் மட்டும் மிஞ்சியிருந்தது. அவள் அப்பா ஜெயவேலு பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தரைத்தளமும் மேலே மூன்று மாடியுமாகக் கட்ட முடிவு செய்தார். முடிவு செய்தவர் அவர், நின்று நடத்தியவன் மூத்த மகன் சிவகுமார். கட்டடக் கடனுக்குப் போன இடத்தில் வங்கி வக்கீல், பூர்வீகச் சொத்து, மகளின் கையெழுத்து இல்லாமல் கடன் தர முடியாது என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் இது ஒரு சடங்கு மாதிரி. நிலம் பொன்னாக விலை போக ஆரம்பித்ததிலிருந்து, வீட்டுப் பெண் ஒருநாள் பத்திர ஆபீசுக்குப் போய்த் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவாள். திரும்பி வந்ததும் அண்ணன் தாம்பாளத்தில் பழமும் பட்டுப்புடவையும் வைத்துக் கொடுப்பான். அத்தைகள் போட்டார்கள், சித்தப்பா பெண்கள் போட்டார்கள். போடாத ஒருத்தியின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் கூட வரவில்லை.

"இன்னா ஓவியா, நாளைக்கு வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டு போ. பேங்க்ல கேக்கறாங்க" என்றான் சிவகுமார்.

"விடுதலைப் பத்திரமாண்ணா?"

"ஆமாம்மே. அவனுங்களுக்கு காகிதம் கரெக்டா இருக்கணும். வூடு எங்க போயிடப் போவுது? இங்கதான கீது."

அவள் யோசித்தாள். அவளுக்கு யோசிக்கத் தெரிந்த விதத்தில்தான் யோசித்தாள். தரைத்தளம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும், ஏனென்றால் அம்மா தாயாரம்மாளுக்கு முட்டிவலி, படி ஏற முடியாது. முதல் மாடி சிவகுமாருக்கு என்று அண்ணி சொல்லியாயிற்று. இரண்டாம் மாடி சின்ன அண்ணன் சாம்பசிவனுக்கு, அவனுக்கு அடுத்த தையில் கல்யாணம். மூன்றாம் மாடியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளைப் பற்றியும் யாரும் எதுவும் சொல்லவில்லை. குறிப்பில்லாத ஆள், மிச்சமிருக்கிற மாடி. சிறுபிள்ளை கூடப் போட்டுவிடும்.

பத்திரத்தை முழுசாகப் படித்தாள். 'இனி மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு உரிமையும் பாத்தியதையும் இல்லை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள், விரல் வைத்தாள், கேமராவைப் பார்த்து உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் பட்டுப்புடவை வந்தது. மாம்பழ மஞ்சள், நல்ல சரிகை.

வீடு எழும்ப எழும்ப அவளுக்கு இன்னும் குறிப்புகள் கிடைத்தன. தரை ஓடு வாங்கப் போன கடையிலிருந்து சிவகுமார் போன் செய்து, "மூணாவது மாடிக்கு இன்னா கலர்ல போடலாம், நீ சொல்லு" என்று கேட்டான். மற்ற மாடிகளுக்கு அவளைக் கேட்கவில்லை. இளஞ்சாம்பல் என்றாள். இளஞ்சாம்பலே போட்டார்கள். கொத்தனார் அலமாரி எங்கே என்று கேட்டபோதும் அவளைத்தான் கை காட்டினான். ஜன்னலுக்குப் பக்கத்தில் புத்தகம் அடுக்குகிற உயரத்தில் மூன்று தட்டு வைக்கச் சொன்னாள். படிப்பகத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் சாரத்துக்கு அடியில் புகுந்து மேலே ஏறிப் போய், பூசாத சுவரில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். அங்கிருந்து பார்த்தால் வேளச்சேரி ரோட்டில் ஊர்ந்து போகிற வண்டிகளின் சத்தம் கீழேயே நின்றுவிடும். அந்த மாதங்களில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

இதற்கு நடுவில் பிளஸ்ஸி தேறிவிட்டாள். பெட்டி நிறைய கேக்கோடு படிப்பகத்துக்கு வந்து, "ரெண்டு புளோர் பசில்க்கா, ரெண்டும் உங்க மெத்தட்லயே போட்டேன்" என்று ஓவியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஓவியாவும் அதே தேர்வை எழுதியிருந்தாள். இரண்டு புதிரையும் முழுசாகப் போட்டிருந்தாள். இங்கிலீஷில் போய்விட்டது. கேக்கை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "அழாதடி, ஆபீசர் அழக் கூடாது" என்றாள். வயிற்றெரிச்சல் இல்லை என்றால் பொய். இருந்தது, இருந்துகொண்டே கட்டிக்கொண்டாள்.

கிரகப்பிரவேசம் முடிந்து பால் காய்ச்சிச் சாமான் எல்லாம் வந்து இறங்கிய அன்று, ஓவியா தன் புத்தக மூட்டைகளைப் படிக்கட்டு ஓரத்தில் வைத்துவிட்டு அண்ணனிடம் போனாள்.

"மூணாவது மாடி சாவி குடுண்ணா."

"இன்னாத்துக்கு?"

"புக்ஸெல்லாம் மேல அடுக்கணும்."

சிவகுமார் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. உண்மையிலேயே புரியாத சிரிப்பு. "அது வாடகைக்கும்மா. அதை நம்பித்தான லோனே போட்டுகினு கீறோம்."

"டைல்ஸ் என்னைக் கேட்டியே?"

"படிச்ச பொண்ணுங்களுக்கு இன்னா புடிக்கும்னு உன்னைத்தான கேக்க முடியும்? வாடகைக்கு வர்றது அந்த மாதிரி பார்ட்டியா வரணுமில்ல."

"அப்ப நான் எங்க இருக்கறது?"

சாமான் பிரித்துக்கொண்டிருந்த தாயாரம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "இது இன்னாடி கேள்வி? வேற வூட்டுக்குப் போற பொண்ணுக்கு இங்க எதுக்கு மாடி? அதுவரைக்கும் ஹால் கீதுல்ல."

ஜெயவேலு மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ஹாலில் படுத்துக்கொண்டு, அண்ணன் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் ஓவியா திரும்ப எடுத்துப் பார்த்தாள். வீடு எங்கே போய்விடப் போகிறது என்றான். வீடு எங்கும் போகவில்லை. மூன்றாம் மாடிக்கு என்ன நிறம் என்றான். உனக்கு என்று சொல்லவில்லை. எந்த வாக்கியத்திலும் பொய் இல்லை. பொய் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கொடுக்காததை எடுத்துக்கொண்டது அவள்தான். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த முதல் விதியையே மீறியிருந்தாள். புதிரில் ஆளும் மாடியும் ஒரே எண்ணிக்கை. அவளைக் கணக்கில் ஓர் ஆளாக வைத்தவள் அவள் மட்டும்தான். எழுந்து போய் அழலாம் என்றால், ஹாலில் படுத்திருக்கிறவளுக்கு எழுந்து போக இடமில்லை.

பத்து நாளில் ஆள் வந்துவிட்டது. "சூப்பர் பார்ட்டி. பேங்க் ஆபீசரு, பேங்க்கே வாடகையை நேரா போட்டுடும்" என்று சிவகுமார் குதித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன யானை வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. கட்டில், கேஸ் அடுப்பு, இரண்டு சூட்கேஸ். முன்சீட்டிலிருந்து குதித்து இறங்கியவள் பிளஸ்ஸி.

"அக்கா! நீங்க எங்க இங்க?" என்று ஓடி வந்தாள். ராஜகீழ்ப்பாக்கம் கிளையில் போட்டிருக்கிறார்களாம். வாடகைக்கு என்று மாட்டியிருந்த போர்டைப் பார்த்து வந்தாளாம். "உங்க வீடாக்கா இது? கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! மேல வந்து பாத்தேன், அந்த டைல்ஸ்க்காகவே ஓகே சொல்லிட்டேன். ஜன்னல் பக்கத்துல புக்ஸ் வைக்க ஷெல்ஃப் கூட இருக்குக்கா!"

"ஆமா, இருக்கு" என்றாள் ஓவியா.

அவளே ஒரு சூட்கேஸை எடுத்துக்கொண்டாள். இருவரும் படியேறினார்கள். முதல் மாடியில் அண்ணி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாம் மாடியில் சாம்பசிவனின் புதுக் கட்டிலுக்கு ஆள் வைத்துத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிளஸ்ஸி மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் விசாரித்தாள்.

"கீழ அப்பா அம்மா. பர்ஸ்ட் புளோர் பெரியண்ணா. செகண்ட் புளோர் சின்னண்ணா. நீங்க எந்த புளோர்க்கா?"

ஓவியா சூட்கேஸை இளஞ்சாம்பல் தரையில் வைத்துவிட்டு, கைப்பிடி அழுத்திச் சிவந்திருந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டாள்.

பிளஸ்ஸி கெட்டிக்காரி. தரையைப் பார்த்தாள், தட்டுகளைப் பார்த்தாள், மேலே ஏறும்போது படிக்கட்டு ஓரத்தில் கட்டியபடியே கிடந்த புத்தக மூட்டைகள் ஞாபகம் வந்தன போலிருக்கிறது. பேனா இல்லை, கட்டம் போடவில்லை. அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அக்கா..." என்றாள். "நான் வேற வீடு பாத்துக்கறேன்கா. இப்பவே வண்டியைத் திருப்பச் சொல்றேன்."

"நீ போனா வேற ஒருத்தர் வருவாங்க பிளஸ்ஸி" என்றாள் ஓவியா. "எனக்கு வராது."

பிறகு அலமாரியின் நடுத்தட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். கதவருகே போய், உள்தாழ்ப்பாளை ஒருமுறை போட்டு எடுத்துக் காட்டினாள்.

"தாழ் கொஞ்சம் இறுக்கமா இருக்கும். தூக்கிப் போடணும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த சூட்கேஸை எடுக்கக் கீழே இறங்கினாள்.