பால் தங்காத வயிறு

மாதப்பன் வீட்டுக்குப் பெண் கேட்டு வருகிறவனுக்குக் காபி கிடையாது, டீயும் கிடையாது. கறந்த பாலைக் காய்ச்சி, வெல்லம் தட்டிப் போட்டு, பித்தளைச் சொம்பு நிறையக் கொடுப்பார்கள். மிச்சம் வைக்காமல் குடித்தால் சம்பந்தம் பேசலாம். வைத்தால் வந்த வழியே பஸ் ஏறலாம். அவருடைய பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். தளி ரோட்டில் மந்தை படுத்த இடத்தில் இன்றைக்குக் கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. சொம்பு மட்டும் மாறவில்லை. கொட்டகையில் ஒரு மாடும் இருக்கிறது.

செல்வம் தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். சிப்காட்டில் கியர் செய்யும் கம்பெனியில் வேலை. மாதப்பனின் மகள் ரேவதி லேபில் ரத்தம் பார்க்கிறவள். அங்கே ரத்தம் கொடுக்க வந்தவனுக்கு ஊசி குத்தப் போய்ப் பழக்கமாகிவிட்டது. பெற்றவர்களைக் கூட்டி வருமுன் நீங்கள் என்னைப் பாருங்கள் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தான்.

சொம்பை வாங்கினான். ரேவதியை ஒரு பார்வை பார்த்தான். மூச்சு விடாமல் குடித்துவிட்டுக் கவிழ்த்துக் காட்டினான். மாதப்பனுக்கு ஏமாற்றம்தான். வெளியூர்க்காரன் எவனையும் நம்பாத மனிதருக்கு, குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அது தானாக வந்தது. பையன் வயிறு கடகடவென்று உருண்டது. நெற்றி வேர்த்தது.

"இந்தா வந்துருதேன் மாமா" என்று கொல்லைப் பக்கம் ஓடினான்.

"அதுக்குள்ள மாமாவாம்" என்றார் மாதப்பன் மாட்டைப் பார்த்து, பாட்டன் பேசிய கன்னடத்தில்.

வந்து உட்கார்ந்தான், திரும்ப ஓடினான். கடைசியில் வெளிறிப்போய் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

"பால் தங்காத வயித்துக்காரனுக்குப் பொண்ணு கிடையாது" என்றார் மாதப்பன். "பச்சைப் பிள்ளைக்குச் செரிக்கிறது இவனுக்குச் செரிக்கல. என்னா ஒடம்பு அது?"

"பச்சைப் பிள்ளையில எல்லாருக்கும் செரிக்கும்பா" என்றாள் ரேவதி. " வளர்ந்ததும் முக்கால்வாசி மனுசங்களுக்கு அது நின்னுபோயிடும். அதுதான் மனுச ஒடம்போட பழைய வழக்கம். நாமதான் மாறினவங்க."

"நானா மாறினவன்?"

"மாடு மேய்ச்ச கூட்டத்துல யாரோ ஒருத்தருக்குப் பெரியாளான பின்னாடியும் பால் செரிச்சிருக்கு. பஞ்சத்துல அவங்க பால் குடிச்சுப் பொழைச்சாங்க, புள்ள பெத்தாங்க. அந்தப் புள்ளைங்களுக்கும் செரிச்சுது. இப்படியே ஆயிரக்கணக்கான வருசம். அவரு பாட்டன் பூட்டனெல்லாம் கடல்ல மீன் புடிச்சவங்க. பால் எங்க குடிச்சாங்க?"

மாதப்பன் பீடியைப் பற்றவைத்தார். "எங்கப்பன் நல்ல காளையாப் பார்த்துச் சேர்த்து மாட்டை இந்த நெலைக்குக் கொண்டாந்தான். நீ என்னடான்னா மாடுதான் எங்கப்பனைப் பொறுக்கி எடுத்துச்சுங்கற."

"ரெண்டும்தான்."

"லேப்காரங்க கட்டின கதை. போம்மா."

ரேவதி எழுந்திருக்கவில்லை. "அப்ப அம்மா ஏன் பால் குடிக்கல?"

இந்தப் பேச்சை மாதப்பன் யாரையும் எடுக்க விடமாட்டார். மனைவி சரோஜம்மாள் போன பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் படத்துக்கு ஒரு டம்ளர் பால் வைப்பார். உயிரோடிருந்தவரை புருசனுக்கும் பிள்ளைக்கும் ஊற்றிவிட்டு, தான் மோரைக் குடித்துக் காலம் தள்ளியவள். இப்போதாவது குடிக்கட்டும் என்று வைப்பார். ஊரெல்லாம் அவளைப் பற்றி அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

"உனக்காக விட்டவடி அவ."

"மூணு மாடு கறந்த வீட்ல பாலுக்கா பஞ்சம்?"

மாதப்பன் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். சொசைட்டிக்குக் கேன் கேனாக ஊற்றிய காலம் அது. மிஞ்சிய பாலைக் கன்றுக்கு விட்ட நாளும் உண்டு.

சாமல்பட்டி ரயில்வே லைன் வீட்டிலிருந்து, மாட்டுச் சாணி மிதித்தறியாமல் வந்தவள் சரோஜம்மாள். மஞ்சள் கயிற்றின் ஈரம் காயாமல் இதே சொம்பில் பால் குடித்தாள். அன்றைக்கு முழுக்கக் கள்ளி வேலிக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். மாதப்பனின் அம்மா கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். மாதப்பன் சிரித்தார். மறுநாள் வேலிப் பக்கம் போகும்போது அவளும் அவரைப் பார்த்துச் சிரித்தாள். என்ன சிரிப்பு அது! அதற்கப்புறம் வெள்ளி விரதம், செவ்வாய் விரதம், சளி, பித்தம் என்று ஏதாவது சொல்லி மோரையே குடித்தாள். கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு, சட்டியோடு தூக்கிக் குடித்து, புறங்கையால் வாயைத் துடைப்பாள். அந்தப் புறங்கை அவருக்கு இப்போதும் கண்ணில் நின்றது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொன்னா என்னா சொல்லியிருப்பீங்க?"

சற்று முன் அவரே கேட்ட 'என்னா ஒடம்பு அது?' மாதப்பன் காதில் திரும்ப விழுந்தது. பீடி அணைந்திருந்தது. அதையே இழுத்துக்கொண்டிருந்தார்.

"மோரு அவனுக்கு ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும்பா. புளிக்க வெச்சாப் பாலோட குத்தத்த அந்தப் புளிப்பே தின்னுடும். மனுசன் கண்டுபுடிச்ச வழிதானே."

"வர்ற ஞாயித்துக்கிழமை அப்பன் ஆத்தாளைக் கூட்டியாரச் சொல்லு. சொம்பு அதேதான். உள்ளே மோரு."

வெள்ளிக்கிழமை படத்தின் முன்னால் வழக்கம்போலப் பாலை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அங்கேயே நின்று அந்தப் பாலைத் தானே குடித்தார். டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்து மோர் ஊற்றினார். பிறகு கொத்தமல்லி தேடிக் கொல்லைக்குப் போனார்.